தண்ணித்தொட்டி ஸ்டாப்பில் ஏறியவர்கள்

— நூத்தி நாப்பது பேர் எப்படி தம்பி ஆறாயிரத்து இருநூறு பேர் ஆவாங்க? அதை மட்டும் எனக்குச் சொல்லு.

— அண்ணி, நான் பஸ் ஓட்டுறவன். ஆளை ஏத்துவேன், இறக்குவேன். நடுவுல அவங்க குட்டி போடுறாங்களான்னு நான் என்னத்தைக் கண்டேன்?

— விளையாடாத. இங்க பாரு, இது ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து வந்த தாள். நேத்து முழுக்க நம்ம ஸ்டேஷன்ல இறங்கினது நூத்தி நாப்பது பேர். இது நம்ம பஸ் தாள். இருபது பஸ், ஒவ்வொண்ணும் அஞ்சு நடை. விழா மைதானத்துல இறங்கினது ஆறாயிரத்து இருநூறு. ஸ்டேஷன்ல இருந்து மைதானத்துக்கு பஸ் விட்டா, ஸ்டேஷன்ல இறங்கினவன்தானே பஸ்ல ஏறணும்?

— நியாயம்தான்.

— நியாயம்தான்னா? மீதிப் பேர் வானத்துல இருந்து குதிச்சாங்களா?

— முதல்ல அந்த ஃபேனை என் பக்கம் கொஞ்சம் திருப்புங்க. இந்த இரும்புப் பெட்டிக்குள்ள மூணு நாளா எப்படித்தான் உக்காந்திருக்கீங்களோ. கன்டெய்னருக்குள்ள சாமான் ஏத்துவாங்க, நீங்க ஆபீஸ் வச்சிருக்கீங்க. வெளிய இவ்வளவு பெரிய பாட்டு விழா நடக்குது, ஒரு பாட்டு கேட்டிருப்பீங்களா?

— பாட்டு கேக்குற நேரமா இது? மணி மூணரை. நாலு மணிக்கு விழாத் தலைவர் கமிட்டியோட வர்றார்.

— வந்தா வரட்டுமே. பஸ்ஸெல்லாம் ரொம்பி வழியுதுன்னு சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்.

— எப்படிச் சொல்லுவேன்? அவர் கேக்கப்போறது பஸ்ஸை இல்ல, காரை. போன வருஷம் ஒரு நாளைக்கு எத்தனை கார் வந்துச்சு?

— அதை யார் எண்ணினா? மூணு மணி நேரம் ஒரே இடத்துல நின்னு புகையைக் குடிச்சோம். அது மட்டும் ஞாபகம் இருக்கு.

— மூவாயிரத்து அறுபது. இந்த வருஷம் அது பாதியா ஆகணும். ஆயிரத்து ஐநூத்தி முப்பதுக்கு மேல ஒரு வண்டி போனாலும் பார்க்கிங்குக்கு இடம் வேணும்னு மைதானத்தை ஒட்டின தோப்பை வெட்டிடுவாங்க. பதினஞ்சு ஏக்கர். பேப்பரெல்லாம் தயாரா வச்சிருக்காங்க தம்பி. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வருஷம் டைம் குடுங்க, பஸ் விட்டுக் காரைக் குறைச்சுக் காட்டுறேன்னு வாங்கினேன்.

— தெரியாதா எனக்கு? அந்தத் தோப்புக்காக ஆறு மாசம் வீட்டையே மறந்தீங்களே. எங்கண்ணன் தானே சமைச்சு, தானே சாப்பிட்டு, தன்னைத் தானே திட்டிக்கிட்டாரு.

— மரத்தை எண்ணாம எப்படிப் பேசுறது? தோப்பு தோப்புன்னா அவங்களுக்கு அது ஒரு பச்சைத் திட்டு. ஒவ்வொரு மரத்துக்கும் தகடு கட்டி, ஒண்ணுல இருந்து ஆயிரத்து அறுநூத்தி நாலு வரைக்கும் நம்பர் போட்டதுக்கு அப்புறம்தான் கமிட்டியில ஒருத்தர் 'அத்தனையா இருக்கு?'ன்னு கேட்டார்.

— தகடு கட்டின கயித்தை முடிச்சுப் போட்டவன் நான். அதையும் சொல்லுங்க.

— ஆமா, முந்நூறாவது மரம் முடிஞ்சதும் முதுகு வலிக்குதுன்னு ஓடினவனும் நீதான். இரு, பேச்சை மாத்தாத. கார் வராம இருக்க மைதானத்துக்கு மூணு கிலோமீட்டர் முன்னாடியே கயிறு கட்டி மறிச்சாச்சு. பஸ்ல வந்து இறங்கினா கையில பச்சைப் பட்டை. அது இருந்தா வரிசையில நிக்க வேண்டாம், மேடைக்கு முன்னாடி இடம். எல்லாம் நான் யோசிச்ச மாதிரியே நடந்திருக்கு. பட்டை ஆறாயிரத்து இருநூறு போயிருக்கு. ஆனா ஸ்டேஷன்ல ஆள் இறங்கல. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. நீ அந்த எண்ணியை ஒழுங்கா அமுக்கினியா?

— எந்த எண்ணி?

— கட்டை விரலால அமுக்குவியே, உன் கையில குடுத்தேனே!

— டொக்கா? டொக்கு டொக்குன்னு சத்தியமா ஆளுக்கு ஒரு டொக்குதான் அண்ணி. நீங்க சொன்ன மாதிரியே, மைதானத்துல இறங்குறப்ப, முன் கதவுகிட்ட நின்னு.

— இறங்குறப்ப சரி. ஸ்டேஷன்ல ஏறுறப்ப எத்தனை பேர் ஏறினாங்க?

— ஏறுறப்ப எண்ணச் சொல்லலையே நீங்க.

— எண்ண வேண்டாம். கண்ணு இருக்குல்ல? எத்தனை பேர்?

— மேடையில பாடுறது ஒரு பொண்ணா ஆம்பளையா அண்ணி? குரல் நல்லா இருக்குல்ல?

— தம்பி.

— ...ஒண்ணு ரெண்டு.

— நூறா?

— ஆளு. ஒண்ணு ரெண்டு ஆளு. நேத்து மூணாவது நடையில ஒருத்தர்கூட இல்ல. நானும் பஸ்ஸும்தான் வந்தோம்.

— அப்போ இறங்கின அறுபத்தி ரெண்டு பேர்?

— தண்ணித்தொட்டி ஸ்டாப்புல ஏறுவாங்க.

— தண்ணித்தொட்டியிலயா? அங்க ஒரு வீடு கிடையாதே! மூடிக் கிடக்கிற மில்லும், ஒரு தொட்டியும்தானே இருக்கு! அதை ஒரு ஸ்டாப்புன்னு போட்டதே டிரைவருங்க தண்ணி குடிக்கத்தான்.

— அதான் எனக்கும் புரியல. நான் என்னத்தைக் கண்டேன்? முத நாள் காலையில பத்தொம்பது கிலோமீட்டர் காலி பஸ்ஸை ஓட்டிக்கிட்டு வர்றேன். அண்ணி இவ்வளவு பாடுபட்டாங்களே, ஒருத்தன்கூட ஏறலையேன்னு மனசே விட்டுப்போச்சு. தொட்டிகிட்ட வந்தா, வரிசையா அறுபது பேர் நிக்கிறாங்க, கையைக் காட்டிக்கிட்டு! வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. யாரு, எங்க இருந்து வந்தீங்கன்னு கேக்கத் தோணுமா? ஏறுங்க ஏறுங்கன்னுதான் வாய் சொல்லிச்சு.

— மத்த டிரைவருங்க?

— எல்லாருக்கும் அதே கதைதான். டீ குடிக்கிறப்ப பேசிக்கிட்டோம். காலியா வருதுன்னு வெளிய சொன்னா பஸ்ஸை நிறுத்திடுவாங்க, ரொம்பித்தானே போய்ச் சேருது, யாரும் வாயைத் திறக்காதீங்கன்னு...

— யார் சொன்னது?

— நான்தான்.

— ஐயோ! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வீட்ல வந்து சொல்லியிருக்கக் கூடாது?

— நேத்து வந்தேன் அண்ணி. நீங்க பச்சைப் பட்டை தாளை வச்சுக்கிட்டு சிரிச்சீங்க. ஆறு மாசம் கழிச்சு நீங்க சிரிச்சதை நேத்துதான் பார்த்தேன். சொல்ல வந்ததை அப்படியே முழுங்கிட்டேன்.

— இப்ப நான் எதை முழுங்குறது? இரு, இரு. வீடில்லாத இடத்துல ஆறாயிரம் பேர் எப்படி வருவாங்க? நடந்தா வந்திருப்பாங்க? கார்ல வந்திருக்காங்க தம்பி. கயிறு கட்டின இடம் வரைக்கும் கார்ல வந்து, எங்கயோ நிறுத்திட்டு, பச்சைப் பட்டைக்காகக் கடைசி மூணு கிலோமீட்டர் மட்டும் நம்ம பஸ்ல ஏறியிருக்காங்க. வரிசையில நிக்க வேண்டாமே! நானேதான் ஆசை காட்டியிருக்கேன்.

— அப்போ கார் குறையவே இல்லையா?

— குறையல. அது பத்தாதுன்னு இருபது பஸ்ஸு, நூறு நடை, பத்தொம்பது கிலோமீட்டர் காலியா ஓடி டீசல் எரிச்சிருக்கு. போன வருஷத்தைவிட இந்த வருஷம்தான் புகை ஜாஸ்தி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சிருக்கு.

— அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இது எனக்கும் உங்களுக்கும் இருபது டிரைவருக்கும்தானே தெரியும்? தலைவர் கைக்குப் போறது ஒரு தாள். அதுல ஆறாயிரத்து இருநூறு பேர் பஸ்ல வந்தாங்கன்னு இருக்கு. பொய்யா? பஸ்ல இருந்துதானே இறங்கினாங்க?

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்ற.

— தோப்பைக் காப்பாத்திக்கோங்கன்னு சொல்றேன். மரத்தை வெட்டிட்டா திரும்ப ஒட்டவா முடியும்? புகை காத்துல போயிடும். மரம் போனா போனதுதான்.

— புகை எங்கயும் போகாது தம்பி. அதான் சிக்கலே. இந்தத் தாளை நான் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த வருஷம் நாப்பது பஸ் விடச் சொல்லுவாங்க. நாப்பதும் காலியா ஓடும். அதுக்குக் கீழ என் கையெழுத்து இருக்கும்.

— குடுக்கலேன்னா நாளான்னைக்கு மரம் அறுக்குற வண்டி வரும்.

— அதான் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ கொஞ்சம் சும்மா இரு. போன் அடிக்குது... அவர்தான். ஹலோ, சொல்லுங்க சார். ஆமா சார், ஆபீஸ்லதான். நாலு மணிக்கே வாங்க. நம்பரா? நம்பர்... நம்பர்ல ஒரு விஷயம் இருக்கு சார். போன்ல வேண்டாம், நேர்லயே சொல்லிடுறேன். இல்ல சார், நல்ல விஷயம்னு சொல்ல முடியாது. சரி சார்.

— சொல்லவே போறீங்களா?

— சொல்லாம? சொல்லத்தான் போறேன்.

— அழாதீங்க அண்ணி. எங்கண்ணன் பார்த்தா நான்தான் ஏதோ சொல்லிட்டேன்னு என்னைத் திட்டுவாரு.

— அழல. இந்தப் பெட்டிக்குள்ள வேர்க்குது. வாசல்ல யாரு அது? அப்போலேர்ந்து எட்டி எட்டிப் பார்க்கிறாங்க.

— மறந்தே போயிட்டேன் பாருங்க. தொட்டி ஸ்டாப்புல ஏறினாரு இவரு. அந்த மில்லு வாட்ச்மேன். ஆபீசரைப் பார்க்கணும், ஒரு கையெழுத்து வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. அண்ணே, உள்ள வாங்க!

— வணக்கம் மேடம். செருப்பை வெளிய விட்டுடவா?

— பரவாயில்ல, வாங்க அண்ணே. என்ன கையெழுத்து?

— ரிஜிஸ்டர்ல மேடம். தினமும் சாயந்திரம் ஒரு ஆபீசர் கையெழுத்து இருக்கணும், அது மில்லு ரூல்ஸ். மில்லு மூடி பதினோரு வருஷமாச்சு, ஆபீசருக்கு எங்க போறது? ரெண்டு நாள் கையெழுத்து இல்லாம கிடக்குது, எனக்குத் தூக்கம் வரல. பஸ்ல வந்தவங்ககிட்ட கேட்டேன், இங்க ஒரு மேடம் எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருக்காங்கன்னாங்க.

— மூடின மில்லுல என்ன ரிஜிஸ்டர்?

— வண்டி ரிஜிஸ்டர் மேடம். உள்ள வந்த வண்டி, நேரம், லோடு. நேத்து மட்டும் ஆயிரத்து ஐநூத்திப் பதினஞ்சு வண்டி.

— அண்ணி! உங்க காரெல்லாம் கிடைச்சிருச்சு!

— நீ இரு. அண்ணே, மில்லுக்குள்ள காரை விட்டது நீங்களா? யார் திறக்கச் சொன்னது?

— யாரும் சொல்லல மேடம். முந்தாநாள் காலையில ஒரு கார் வந்து கேட்டு முன்னாடி ஹார்ன் அடிச்சுச்சு. அந்தக் கேட்டுல ஹார்ன் சத்தம் கேட்டு எத்தனை வருஷமாச்சு! என் கை தானா போய்த் திறந்துடுச்சு. உள்ள பத்து ஏக்கர் சிமென்ட் தளம், சும்மாத்தானே கிடக்கு. அப்புறம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு பைசா வாங்கல மேடம். எழுதி வச்சிருக்கேன்.

— இரு, இரு... ஆயிரத்து ஐநூத்திப் பதினஞ்சுதானா? அதுக்கு மேல வரலையா?

— கேட்டைத் தாண்டினது அவ்வளவுதான்.

— அவ்வளவு வண்டியில எப்படி ஆறாயிரம் பேர் வருவாங்க? போன வருஷம் வண்டிக்கு ரெண்டு பேர்தானே வந்தாங்க.

— இந்த வருஷமும் ரெண்டு ரெண்டு பேராத்தான் வந்தாங்க மேடம். நான் விடலையே! பாதி லோடு வண்டி உள்ள வரக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முத நாளே மானேஜர் சொன்னது. ரூல்ஸ்னா ரூல்ஸ்.

— கார்ல ஏதுண்ணே லோடு?

— ஆளுதான்பா லோடு. நாலு ஸீட்டு, நாலு ஆளு, அது முழு லோடு. ரெண்டு பேரா வந்தா கேட்டை மூடிட்டு, போய் முழுசா வாங்கன்னு திருப்பி அனுப்பிடுவேன். கத்துவாங்க. ஹார்ன் அடிப்பாங்க. அப்புறம் பார்த்தா நாலு பேரா வந்து நிப்பாங்க. அஞ்சு பேர்னா ஓவர்லோடு, அதையும் விட மாட்டேன்.

— தம்பி, ஆயிரத்து ஐநூத்திப் பதினஞ்சை நாலால பெருக்கு. சீக்கிரம்.

— இருங்க, போன்ல போடுறேன்... ஆறாயிரத்து அறுபது.

— அதோட ஸ்டேஷன்ல இறங்கின நூத்தி நாப்பதைச் சேர்.

— ஆறாயிரத்து... அண்ணி! ஆறாயிரத்து இருநூறு! ஒத்தை ஆள்கூடப் பிசகல!

— பாதி! பாதிக்கும் கீழ! ஆயிரத்து ஐநூத்தி முப்பதுக்கு மேல போகக்கூடாதுன்னாங்க, பதினஞ்சு வண்டி கம்மியா வந்திருக்கு தம்பி!

— புரியலையே அண்ணி. பஸ் திட்டம் ஊத்திக்கிச்சுன்னு இப்பதானே மூக்கைச் சிந்தினீங்க?

— ஊத்திக்கிச்சுதான். ஆனா கார் குறைஞ்சிருச்சே! நல்லா யோசிச்சுப் பாரு. இவர் திருப்பி அனுப்பினதும் அவங்க என்ன பண்ணியிருப்பாங்க? டவுனுக்குத் திரும்பிப் போய்த் தெரிஞ்சவங்க ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு வந்திருப்பாங்க. அந்த ரெண்டு பேரோட கார் வீட்டு வாசல்லயே நின்னிருக்கும். நான் ஆறு மாசமா மேப்பு போட்டு, பட்டை அடிச்சு, இருபது பஸ் பிடிச்சுப் பண்ண முடியாததை இந்த அண்ணன் ஒரு கேட்டை மூடிப் பண்ணிட்டார்!

— நான் ஒண்ணும் பண்ணல மேடம். ரூல்ஸ்தான்.

— அடுத்த வருஷம் இந்த ரூல்ஸையே நம்ம ரூல்ஸா போட்டுடலாம் அண்ணே. காலி பஸ்ஸெல்லாம் நிறுத்திட்டு தொட்டியில இருந்து மட்டும் ஆறு பஸ் விட்டாப் போதும்.

— அப்போ எனக்கு வேலை, அண்ணி?

— உனக்கு இல்லாமலா? தொட்டிக்கும் மைதானத்துக்கும் நீயே முதல் பஸ். இரு, அவருக்குப் போன் போடுறேன்... ஹலோ சார், நான்தான். சார், முன்னாடி சொன்னதை மறந்துடுங்க. இல்ல, முழுசா மறக்க வேண்டாம். பஸ்ஸை ஜனங்க நான் நினைச்ச மாதிரி பயன்படுத்தல, அதை ஒளிக்காம எழுதித் தர்றேன். ஆனா கார் பாதியாயிருச்சு சார்! ஆயிரத்து ஐநூத்திப் பதினஞ்சு. ஒவ்வொரு வண்டி நம்பரும் எழுத்துல இருக்கு, சாட்சியும் இருக்கார். ஆமா சார். சார், ஒரு ஆசை. இந்தப் பெட்டிக்குள்ள வேண்டாம். கமிட்டியோட நேரா தோப்புக்கே போயிடுங்களேன். மரத்தடியில நின்னு கையெழுத்துப் போடுங்க. முன்பக்கம் வேண்டாம் சார், மைதானத்துக் கூட்டம் அந்த வேலி வரைக்கும் நிக்குது, நான்கூட அதுக்கு மட்டும்தான் ரெண்டு ஆள் காவல் போட்டிருக்கேன். பைபாஸ் வழியா பின்பக்கம் போங்க. அங்க ஈ காக்கா இருக்காது, நிம்மதியா இருக்கும். ஓ, பைபாஸ்லதான் வந்துக்கிட்டு இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. பத்து நிமிஷத்துல நானும் வந்துடுறேன் சார்.

— பார்த்தீங்களா, சிரிச்சிட்டீங்க.

— சிரிக்காம என்ன? உங்கண்ணனுக்குப் போன் போட்டு, இன்னைக்கு ராத்திரி நான் சமைக்கிறேன்னு சொல்லு.

— அந்த மனுஷன் இவ்வளவு நாள் பட்டது போதாதா?

— வாய் நீளுது உனக்கு. கிளம்பு, வண்டியை எடு.

— மேடம், கையெழுத்து...

— அட, உங்களை மறப்பேனா அண்ணே? குடுங்க. இங்கயா?

— கீழ, கோடு போட்ட இடத்துல.

— படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல. ஒரு நிமிஷம். எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க! வண்டி நம்பர், நேரம், ஆளு. ஒன்பது பத்துக்கு வந்த வண்டி, ரெண்டு பேர், திருப்பி அனுப்பப்பட்டது. ஒன்பது இருபதுக்கு அதே வண்டி, நாலு பேர், அனுமதி. அப்புறம் ஒன்பது பன்னெண்டு, திருப்பி அனுப்பப்பட்டது. ஒன்பது இருபத்தி ஒண்ணு, அனுமதி. தம்பி...

— வண்டி ஸ்டார்ட் பண்ணவா அண்ணி?

— இரு. தொட்டியில இருந்து டவுனுக்குப் போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?

— பறந்து போனாலும் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. எதுக்கு?

— பத்து நிமிஷத்துல வந்திருக்காங்களே! எல்லாமே பத்து நிமிஷம்தான். அண்ணே, இந்தப் பத்து நிமிஷத்துல கூட ரெண்டு பேரை எங்க இருந்து பிடிச்சாங்க?

— எங்க இருந்தும் இல்ல மேடம். பின்னாடி வந்த வண்டியிலதான் ரெண்டு பேர் இருப்பாங்களே? ரெண்டு வண்டியும் போய், அதை ஒரு இடத்துல நிறுத்திட்டு, அவங்க இந்த வண்டியில ஏறிக்குவாங்க. முழு லோடு ஆயிடும்.

— பின்னாடி வந்த வண்டியா... அப்போ அந்த ரெண்டாவது வண்டி?

— அது காலி வண்டி மேடம். காலி வண்டியை நான் எப்படி உள்ள விடுவேன்?

— அண்ணி, உங்க போன் அடிக்குது. தலைவர்தான். எடுக்கவா?

— எடுக்காத! அண்ணே, அந்தக் காலி வண்டியெல்லாம் எங்க?

— அதுவும் எழுதித்தான் வச்சிருக்கேன். ரெண்டு லாரி சேர்ந்து ஒரு லோடு ஆச்சுன்னா, காலி லாரி எங்க நிக்குதுன்னு எழுதணும், அது ரூல்ஸ். அவங்களைக் கேட்டு எழுதிக்குவேன். கடைசிக் கட்டத்தைப் பாருங்க மேடம்.

— கடைசிக் கட்டத்துல வெறும் நம்பர்தானே இருக்கு. நாநூத்திப் பன்னெண்டு. நாநூத்திப் பதிமூணு. நாநூத்திப் பதினாலு... ஒரு வரிசை விடாம இருக்கே. இது என்ன நம்பர்?

— அண்ணி, திரும்பவும் அடிக்கிறாரு. விடாம அடிக்கிறாரு.

— இது என்ன நம்பர் அண்ணே?

— அது மரத்து நம்பர் மேடம். மில்லுல இருந்து பைபாஸ் ஏறினா நாலு நிமிஷத்துல நல்ல நிழலா ஒரு தோப்பு இருக்குல்ல? அங்க ஒவ்வொரு மரத்துலயும் பச்சைத் தகடு கட்டி, வரிசையா நம்பர் போட்டு வச்சிருக்காங்க. எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலையோ தெரியல, அது மட்டும் இல்லேன்னா அத்தனை வண்டியையும் மரத்தடிக்கு ஒண்ணா தோப்புக்குள்ள ஏத்தியிருக்கவே முடியாது.